ஈர அச்சு

காய்ந்த சாக்பீஸைக் கன்னத்தில் வைத்தால் ஒன்றும் தெரியாது, தோலோடு தோலாக இருந்துவிடும், எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வெள்ளை மாவு கன்னத்தில் ஒட்டியிருக்கும். உள்ளே ஈரம் மிச்சமிருக்கிற சாக்பீஸ் சில்லென்று இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் மாவு ஒட்டாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மும்தாஜ் அத்தை. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே ஓட்டு வீட்டை நடுவில் பலகை அடித்துப் பிரித்து இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் அவர்கள். மீன்பிடித் துறைமுகத்தின் கவிச்சியும், காற்று திரும்பினால் மணலியிலிருந்து வருகிற எண்ணெய் நாற்றமும் பழகிப்போய் எங்கள் மூக்குக்கு எட்டுவதே இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் சாக்பீஸ் மாவு கரைத்தால் மட்டும் எனக்கு இங்கே தும்மல் வரும்.

"அந்தக் காலத்தில்" என்று ஆரம்பித்து உருகி உருகி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொந்தமாகப் பொம்மை செய்து விளையாடினோமாம், கையில் செல்போன் இல்லையாம், கற்பனை வளர்ந்ததாம். நானும் சொந்தமாகப் பொம்மை செய்தவன்தான். அச்சு பிடித்து, ஈயத்தை உருக்கி ஊற்றி, சுண்டுவிரல் உயரத்துக்குச் சிப்பாய்களை வரிசை வரிசையாக வார்த்தவன்தான். அதில் ஒரு பெண்ணுக்கு ஒரு கண் போயிற்று. நான் சொன்ன ஒரு பொய்யால் போயிற்று. அந்தப் பழியை இன்றுவரை வேறொருவர் சுமந்துகொண்டிருக்கிறார். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் இது நினைவு, இல்லாவிட்டால் எங்கள் சந்துப் பேச்சில் சொல்வதுபோல வெறும் "பீலா", கதை அளப்பு.

மும்தாஜ் அத்தை வீட்டிலேயே சாக்பீஸ் வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தண்டையார்ப்பேட்டையில் இருந்த ஒரு பட்டறைக்காரர் அச்சும் மாவு மூட்டையும் கொடுத்துவிட்டுப் போவார், வாரத்துக்கு ஒரு முறை வந்து பெட்டிகளை எடுத்துப் போவார். கனமான உலோக அச்சு, இரண்டு பாதியாகத் திறக்கும். உள்ளே மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து துணியால் துடைத்து, மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மேலே கத்தியால் வழித்துவிட்டு, கையால் தொட்டால் சூடு தெரிகிற நேரத்தில் திறந்தால் வெள்ளை விரல்கள் வரிசையாக நிற்கும். அவற்றை வெயிலில் காயவைக்க வேண்டும். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கம்பி வலை கட்டி அதில் பரப்புவார். ஒவ்வொரு தட்டிலும் நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பெட்டியில் அடுக்குவார். "வெயில நம்பாத, அடுப்ப நம்பாத, கன்னம் பொய் சொல்லாது" என்பார். நாளெல்லாம் சாக்பீஸ் செய்த அந்தக் கை சாக்பீஸைப் பிடித்து ஓர் எழுத்து எழுதியதில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பட்டறைக்காரர் கொடுக்கிற சீட்டில் எத்தனை பெட்டி என்று போட்டிருக்கிறது என்பதைப் பலகையைத் தட்டி என்னைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்வார்.

அவர் மகள் நூர்ஜஹான், சந்துக்கு நூரு. நானும் அவளும் ஒரே வயது, ஒரே கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு. அவளுடைய அப்பா காசிம் பாய், அவள் வாயில் "அத்தா", கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், எண்ணூருக்கும் மணலிக்கும் மாதவரத்துக்குமாக அலைந்து மூன்று நாளைக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார். என் நைனாவுக்கு மீன்பாடி வண்டி. விடியலில் காசிமேட்டுக்குப் போனால் மதியம் வரை மீன் கூடைகளை ஏற்றி இறக்குவார்.

எங்கள் பட்டாளம் ஒரே ஒரு பிளாஸ்டிக் சிப்பாயில் ஆரம்பித்தது. காயலான் கடைக் குப்பையில் கிடைத்தவன், துப்பாக்கி முனை உடைந்தவன். அவனை வைத்துக்கொண்டு நான் "டுமீல் டுமீல்" என்று கத்திக்கொண்டிருந்தபோது நூரு வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ண வெச்சிக்கினு இன்னாடா சண்ட? எங்கம்மா அச்சுல ஒரே வாட்டில அம்பது சாக்பீஸ் வருது, இவன் வரமாட்டானா?" என்றாள். அவ்வளவுதான். அவளுடைய மூளை அப்படி. முதலில் சிப்பாயை மாவில் பாதி அமுக்கி எடுத்து, அந்தப் பள்ளத்தில் ஈயம் ஊற்றியதில் முதுகு தட்டையாக, அரை ஆளாக வந்தான். சந்தே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, களிமண்ணில் சிப்பாயைப் பாதி புதைத்து, மேலே மாவு ஊற்றி, இறுகியதும் திருப்பிப் போட்டு, களிமண்ணை எடுத்துவிட்டு, எண்ணெய் தடவி மறு பாதியை ஊற்றினாள். இரண்டு பாதியும் இடம் மாறாமல் உட்கார, ஓரத்தில் கோலிகுண்டால் அமுக்கிக் குழி வைத்தாள். காற்று வெளியேற ஈர்க்குச்சியால் வழி போட்டாள். மேலே ஈயம் ஊற்ற ஒரு வாய். எல்லாவற்றையும் சேர்த்துக் கிழிந்த சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினால் அச்சு தயார். இன்றைக்கு இதையெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வயதில் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஈயத்துக்குக் காசிமேடு இருந்தது. வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்கிற ஈயக்குண்டுகள் அறுந்து மணலில் கிடக்கும், இற்றுப்போன வலைகளைக் கரையில் வீசியிருப்பார்கள், அதிலிருந்து உருவிக்கொண்டு வருவேன். அது என் வேலை. சோப்பில் புதுப் புது ஆட்களைச் செதுக்குவது, அச்சு பிடிப்பது, ஊற்றுவது மூன்றும் அவள் வேலை. ஊற்றுவதை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. சந்தின் கடைசியில் கூட்ஸ் ரயில் பாதையை ஒட்டிய காலி மனையில், மூன்று செங்கல் வைத்து, உடைந்த மீன்பெட்டிப் பலகைகளை எரித்து, பால் டப்பாவில் ஈயத்தை உருக்குவோம். மேலே மிதக்கிற கசடை அவள் கரண்டியால் ஒதுக்கினால் அடியில் ஈயம் பளபளவென்று முகம் தெரிகிற மாதிரி கிடக்கும். நைனா ஒரு தடவை பார்த்துவிட்டு, "கையி கால சுட்டுக்கினு வந்தீங்கன்னா இருக்குது கச்சேரி" என்றதோடு சரி. அந்தப் புகையை அத்தனை நாள் மூச்சில் இழுத்ததற்கு எங்கள் உடம்பு என்ன கணக்கு வைத்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

விளையாட்டின் பெயர் "பட்டாளம்". எதிரி, பின்சந்து சேகர். மணலில் இரண்டு பக்கமும் சிப்பாய்களை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, விழுந்த எண்ணுக்குச் சாண் போட்டு முன்னேற்றுவோம். தாயம் விழுந்தால் கோலி எறியலாம், கோலி பட்டுச் சாய்கிறவன் எதிராளிக்குக் கைதி. கைதிகளை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். உருக்கிவிடுவார்கள். சேகரின் துப்பாக்கிக்காரன் அடுத்த வாரம் எங்கள் கொடிக்காரனாக வந்து அவனையே சுடுவான். அதனால் எங்கள் பட்டாளத்தில் எந்தச் சிப்பாய்க்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆயுள் இருந்ததில்லை. அச்சு ஒன்றுதான் நிலை.

அந்த ஐப்பசியில் எங்களிடம் எண்பது பேர் இருந்தார்கள். பின்சந்தில் அதில் பாதிகூட இல்லை. சேகருக்கு வயிறு எரிந்தது. ஒரு புதன்கிழமை பள்ளிக்கூட வாசலில் என்னைத் தனியாக மடக்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளைக் குதிரைவீரனை எடுத்துக் காட்டினான். காயலான் கடையில் பிடித்திருக்கிறான். "மாமு, இவுருதான் எங்க தளபதி. ஞாயித்துக்கெழம நீயும் ஒரு தளபதியோட வரணும். வரலேன்னா ஆட்டம் கெடையாது, உன் எண்பதும் எனுக்கு. ஒரு பொண்ணு பண்ணிக் குடுக்குறத வெச்சிக்கினு உதார் வுடறியே, ஒத்துக்கிறியா, ஜகா வாங்குறியா?" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அங்கேயே ஒத்துக்கொண்டேன். எண்பதும் நூருவின் கை செய்தவை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சொன்னபோது அவள் என்னைத் திட்டினாள். "இன்னிக்கு பொதன். செதுக்கவே ஒரு நாள் ஆவும். குதிரன்னா அச்சு செங்கல் கனத்துக்கு வரும், காயறதுக்கு ஒரு வாரம் வோணும். வானத்தப் பாத்தியா நீ?" வானம் நான்கு நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அன்று மாலையே பார் சோப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வியாழன் இரவுச் சாப்பாட்டுக்குள் குதிரை வந்துவிட்டது, முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு. மேலே உட்கார்ந்திருந்த தளபதிக்கு முதுகில் நீளமாக ஒரு சடை. "இது இன்னாது?" என்றேன். "தளபதிதான். சடை இருந்தா இன்னா, குதிர வுழுந்துருமா?" என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் அச்சு ஊற்றினாள். மும்தாஜ் அத்தை தன் சாக்பீஸ் தட்டுகளை ஒதுக்கி, அடுப்புக்கு மேலே வலையில் அதற்கு இடம் கொடுத்தார். சனிக்கிழமை முழுக்க அச்சு அங்கேதான் கிடந்தது. "இது பத்தாதுடி, இன்னும் ரெண்டு மூணு நாளு வுடு" என்று அவர் சொன்னதை நான் பலகைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டே கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. நான்தான் போய் அச்சைக் கேட்டேன். அத்தை தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். நூரு தயங்கினாள். "ஊத்துறதுக்கு முன்னாடி கன்னத்துல வெச்சுப் பாப்போம். சில்லுன்னு இருந்தா ஊத்த மாட்டேன், நீயே போய் சேகராண்ட ஒத வாங்கிக்கோ" என்றாள். சரி என்று தலையாட்டினேன். ஈர அச்சில் உருகின ஈயம் பட்டால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி, ஈயத்தை ஊற்றின வழியாகவே வெளியே தள்ளும். சின்ன அச்சில் ஒரு தடவை அப்படி "டப்" என்று துள்ளி என் செருப்பைப் பொசுக்கியிருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

காலி மனையில் பலகைகள் நனைந்திருந்ததால் நெருப்பு பிடிக்க நேரமாயிற்று. தூரத்தில் சேகரும் கூட்டமும் வந்து நிற்பது தெரிந்தது. ஈயம் உருகியதும் நூரு ஒரு கையில் டப்பாவை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, மறு கையில் கரண்டியால் கசடை ஒதுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "ரெண்டு கையும் வேலையா கீது. நீ வெச்சுப் பாரு."

டியூபை அவிழ்த்து, அச்சின் ஒரு பாதியை எடுத்து என் இடது கன்னத்தில் வைத்தேன். சில்லென்று இருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த வஞ்சிரம் மாதிரி சில்லென்று இருந்தது. உடம்பே ஒரு தடவை சிலிர்த்தது. சேகரின் கூட்டம் விசிலடித்தது.

"காஞ்சிருச்சு" என்றேன். "நல்லாப் பாத்தியா?" என்றாள். "மாவு மாவா ஒட்டுது" என்றேன்.

கட்டி, இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தினேன். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்றேன். அது தற்செயல் என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தற்செயலாவது மண்ணாங்கட்டியாவது. அவள் குனிந்து, டப்பாவைச் சாய்த்தபடி, ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதற்குள் ஈயம் வாயில் இறங்கிவிட்டது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். வெள்ளியாக ஏதோ ஒன்று துள்ளி அவள் முகத்துக்குப் போனது. அவள் கத்தியது கூட்ஸ் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

நைனா மீன் இறக்கிவிட்டு அப்போதுதான் வண்டியைச் சந்துக்குள் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த மீன்பாடி வண்டியிலேயே, ஈரச் சாக்கின் மேல் அவளைப் படுக்கவைத்து, மும்தாஜ் அத்தை தலையை மடியில் தாங்க, நான் காலடியில் உட்கார, கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அத்தை "என் கண்ணு, என் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இடது கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னார்.

நான் வாயைத் திறந்திருக்க எத்தனை இடம் இருந்தது! ஆஸ்பத்திரி வராந்தாவில், மாதவரத்திலிருந்து லாரியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த காசிம் பாய், "எப்பிடி ஆச்சு?" என்று கேட்டபோது அத்தைதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "நான்தாங்க சரியாக் காயவெக்கல. என் அடுப்பு மேலதான கெடந்துச்சு. எடுத்து மறைச்சு வெச்சிருக்கணும், வுட்டுட்டேன்." காசிம் பாய் அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்தார். "மாவக் கொண்டாந்து வூட்ல கொட்டாதன்னு சொன்னேனா இல்லியா?" நான் சுவரோரமாக நின்றேன். நைனா என் தோளில் கை வைத்திருந்தார், நான் பயந்துபோயிருக்கிறேன் என்று. அந்தக் கையைத் தட்டிவிட்டு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. திரும்பி வரும்போது அத்தை எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், "புள்ள காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல" என்று. குடித்தேன்.

அடுத்த வாரமே காசிம் பாய் அச்சுகளையும் மாவு மூட்டையையும் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் போட்டுவிட்டு வந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் சாக்பீஸ் வேலை நின்றது. சில மாதம் கழித்து, வீட்டில் நெருக்கடி வந்ததும், அத்தை காசிமேட்டில் இறால் உரிக்கப் போனார். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை, விரல் இடுக்கெல்லாம் புண். நூரு கட்டுப் பிரிந்து வந்தபோது முழுப்பரீட்சை முடிந்துவிட்டிருந்தது. "ஒத்தக் கண்ண வெச்சிக்கினு படிச்சு கலெக்டர் ஆவப் போறாளா?" என்று காசிம் பாய் சொன்னாராம். பள்ளிக்கூடம் அதோடு சரி. அச்சோடும் களிமண்ணோடும் அப்படிப் பேசிய அந்தக் கை, பிறகு கிழிந்த பாவாடைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. நான் அந்த வாசலைத் தாண்டாமல் பின்பக்கமாகப் போய்வரப் பழகிக்கொண்டேன். எண்பது சிப்பாயும் சேகரிடம் போனார்கள். நானே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவன் கேட்காமலேயே. அடுத்த வருஷம் நாங்கள் திருவொற்றியூருக்கு வீடு மாறினோம். எனக்கு அன்று இருந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

இதில் கேவலம் என்னவென்றால், இன்று எனக்குச் சோறு போடுவதே அச்சுதான். தண்டையார்ப்பேட்டையில் பல் செட் செய்கிற லேப் வைத்திருக்கிறேன். கிளினிக்குகளிலிருந்து வாய் அளவு வரும், அதில் பிளாஸ்டர் ஊற்றி, மேலண்ணம் கீழ்த்தாடை என்று அச்சு எடுத்து, அதன் மேல் பல் கட்டுவோம். ஒவ்வொரு அச்சையும் நான் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்கள், "மெஷின் இருக்குது சார், அதுல வெச்சா காஞ்சிடும்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் மகனும் சிரிக்கிறான். அவனும் அவன் காலேஜ் சிநேகிதர்களும் மேஜை மேல் மலையும் ஆறும் செய்து வைத்துப் பொம்மைப் பட்டாளங்களை வைத்துச் சண்டை போடுகிறார்கள், எண்ணுக்குப் பகடை, தூரத்துக்கு டேப். ஈயத்தில் தானே வார்த்துப் பார்க்க ரப்பர் அச்சு, கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை எல்லாம் தபாலில் வரவழைத்திருந்தான். "நீங்க சின்ன வயசுல பண்ணீங்களாமேப்பா, சொல்லிக்குடுங்க" என்றான். அந்தப் பெட்டியை வாங்கி வெளியே வீசினேன். காசு செலவானதற்குக் குதிக்கிறேன், கஞ்சன் என்று நினைத்துக்கொண்டான். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன ஐப்பசியில் ஒரு கிளினிக்கிலிருந்து வந்த சீட்டில் "மும்தாஜ் பேகம்" என்றும், வண்ணாரப்பேட்டை விலாசமும் இருந்தன. ஊரில் எத்தனையோ மும்தாஜ் பேகம். ஆனால் அந்த வாய் அளவில் முன்பல் இருந்த இடத்தில் ஒரு கோணல் இருந்தது, அத்தை சிரிக்கும்போது தெரிகிற கோணல். பல் செட்டை நானே செய்தேன், ஒரு வாரத்தில் முடிகிறதை மூன்று வாரம் செய்தேன். டாக்டரிடம் சொல்லிவிட்டு நானே கொண்டுபோனேன்.

இரண்டாம் மாடி, சின்ன வீடு. கதவைத் திறந்தது நூரு. தலை நரைத்திருந்தது. இடது கண்ணில் கண்ணாடிக் கண். என்னைப் பார்த்ததும், "குமாரா? வா" என்றாள், நேற்று பார்த்தவனைக் கூப்பிடுகிற மாதிரி. காசிம் பாய் போய்ப் பல வருஷம் ஆயிற்றாம். நூருவுக்கு வந்த வரன்களெல்லாம் வாசலோடு திரும்பிவிட்டன. அவள் பள்ளிக்கூடப் பைகள் தைத்து அம்மாவைக் காப்பாற்றுகிறாள். அத்தை கட்டிலில் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். பல் செட்டை மாட்டி, கடித்துப் பார்க்கச் சொல்லி, ஓரங்களைத் தேய்த்துச் சரிசெய்தேன். அவர் வாயை இரண்டு தடவை திறந்து மூடினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் செய்து கொடுத்த பற்களின் வழியாக அவர் பேசிய முதல் வார்த்தைகள் இவை: "குமாரு, அன்னிக்கு நான் மட்டும் அந்த அச்ச எடுத்து மறைச்சு வெச்சிருந்தா எம்பொண்ணு கண்ணு இருந்திருக்கும்டா. தொழுகையில ஒக்காந்தா அதான் நெனப்பு வருது. நீயாச்சும் நல்லா இருக்கியே, அது போதும்."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். நூரு படிக்கட்டு வரை கூட வந்தாள். அங்கே நின்று ஒருவழியாகச் சொன்னேன். அன்றைக்கு அச்சு ஈரமாக இருந்தது என்று, எனக்குத் தெரியும் என்று.

"தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"உன் கன்னத்துல மாவே இல்ல. ஊத்தும்போது நிமுந்து பாத்தேன் பாரு, அப்போதான் பாத்தேன். மாவு மாவா ஒட்டுதுன்னு சொன்ன, கன்னம் கழுவின மாதிரி கீது. டப்பாவ நிமித்துறதுக்குள்ள ஈயம் வுழுந்துருச்சு. இந்தக் கண்ணால கடைசியாப் பாத்தது அதத்தான்."

"ஏன் நூரு யாராண்டயும் சொல்லல?" என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் எப்படி வந்ததோ.

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். ஆஸ்பத்திரில அத்தா அம்மாவ அடிச்சது உள்ள கேட்டுச்சு, இப்போ சொல்லுவான்னு பாத்தேன். அச்செல்லாம் தூக்கினு போனப்போ பாத்தேன். அம்மா எறா உரிக்கப் போனப்போ பாத்தேன். நான் சொன்னா பழி போட்ட மாதிரி ஆவும், நீயா சொன்னாதான அம்மா நம்பும்? நீ பின்பக்கமாப் போய்க்கினு இருந்த." கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு வீட்டுக் கதவைக் காட்டி, "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? உள்ள போ. அம்மாவாண்ட சொல்லு. எத்தினி நாளு இருக்குமோ, தப்பு தன்னோடது இல்லேன்னு தெரிஞ்சிக்கினாவது போவட்டும்" என்றாள்.

கதவு திறந்துதான் இருந்தது. அத்தை புதுப் பல்லால் ரொட்டித் துண்டு ஒன்றைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவசரமாக ஒரு கிளினிக்குக்குப் போகவேண்டும், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொன்னேன். நூரு என் கன்னத்தைத்தான் பார்த்தாள்.

அந்த அடுத்த வாரம் வந்து, போய், மாதங்களாகிவிட்டன. நேற்று வேலையாகக் கல்மண்டபம் பக்கம் போனேன். பலகை அடித்த எங்கள் வீடு இருந்த இடத்தில் குளிர்பதன லாரிகள் நிற்கின்றன. காலி மனையில் கோடவுன். பள்ளிக்கூடத்தில் வெள்ளைப் பலகையும் பேனாவும் வந்துவிட்டன, சாக்பீஸ் வீடுகளை யாரும் தேடுவதில்லை. எல்லாம் போய்விட்டன; போனால் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. போகாமல் இருப்பது வண்ணாரப்பேட்டை மாடியில் தொழுகைப் பாயில் உட்கார்ந்திருக்கிறது, தன் அடுப்பு சரியாகக் காயவைக்கவில்லை என்று.

எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். நூரு படிக்கலாம், அவளுக்கு இது புதிதில்லை. மும்தாஜ் அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்.